உப்புத் தண்ணீர்க் காட்சி

எங்கள் பக்கத்தில் என் பேரைச் சொன்னால், பச்சைத் தோல் லாரியில் கட்டு இறக்குகிறவன்கூட வாயிலிருக்கும் பீடியைக் கீழே போட்டுவிடுவான். ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எந்தத் தோல் ஷெட்டுக்குள் நான் நுழைந்தாலும் முதலில் ஒரு நாற்காலி வரும், பின்னாடியே டீ வரும். அப்பேர்ப்பட்ட என்னை, என் பேக்டரியில், என் ரூமில், என் நாற்காலியிலிருந்தே ஒரு ஆள் எழுப்பினார்.

"அண்ணே, கொஞ்சம் அந்தாண்ட போங்க. இந்த ரூம்ல இப்ப நீங்க இல்ல."

நானும் எழுந்து போனேன். கதவுக்கு வெளியே போய் நின்ற பிறகுதான் இது என் ரூம் ஆச்சே என்று உறைத்தது. திரும்பி உள்ளே போகலாம் என்றால் கால் வரவில்லை. அவர் கூப்பிடட்டும் என்று வாட்ச்மேன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம். உள்ளே என் நாற்காலியை மட்டும் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் அவரை டைரக்டர் என்றே கூப்பிட்டோம். ஒல்லியான மனிதர். ஐம்பது வயசு இருக்கும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார், ஒரு பொட்டு வேர்வை இருக்காது. கேமராவில் அவர் கண் வைத்து நான் பார்த்ததே இல்லை. அந்த வேலைக்கு ஒரு தம்பி இருந்தான். இவர் நடிக்கிற ஆளின் முதுகுப் பக்கமாக எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கே ஒன்றும் இருக்காது. நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் என் கம்பெனியில் தைக்கிற ஷூ இத்தாலிக்காரன் காலில் இருக்கிறது. கம்பெனிக்கு இருபத்தைந்து வருஷம் ஆனபோது என் பையன் சேகர் சொன்னான், "நைனா, நம்ம கம்பெனியப் பத்தி ஒரு படம் எடுத்து வச்சிக்கலாம். ஷூ வாங்கற பையருங்க வந்தா போட்டுக் காட்டலாம், விழாவுலயும் போடலாம்." நல்ல யோசனைதான். என் மனசில் இருந்த படம் ரொம்ப சிம்பிள். நான் காரிலிருந்து இறங்குவேன். தோல் பதப்படுத்துகிற டிரம் சுற்றும். பெண்கள் தைப்பார்கள். நான் ஒரு ஷூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பின்னால் நல்ல மியூசிக். முடிந்தது.

சேகர்தான் எங்கேயோ விசாரித்து இவரை அழைத்து வந்தான். அரக்கோணத்தில் குடியிருக்கிறார், முன்பு பெரிய சினிமாவே ஒன்று எடுத்தவர் என்றான். வந்தவர் உட்காருவதற்கு முன்பே ஒரு பேப்பரை நீட்டினார். சேகர் படித்துச் சொன்னான். படத்தில் எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்பது அவர் ஒருத்தர் முடிவு. எடுத்து முடித்த பிறகு அதில் ஒரு நொடியைக்கூட வேறு யாரும் வெட்டவோ ஒட்டவோ கூடாது.

என் மேஸ்திரி காதர் பாய் பக்கத்தில் இருந்தார். என்னோடு சின்ன வயசில் தோல் சுமந்தவர், எங்கேயும் வாயைத் திறந்துவிடுவார். "இன்னா டைரக்டர் சார், பேக்டரி எங்க மொதலாளிது, கதையும் அவருது. படம் மட்டும் உங்களுதா?"

"ஆமா பாய்" என்றார் அவர். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

நான் எத்தனையோ பேப்பரில் கையெழுத்துப் போட்டவன். இதிலும் போட்டேன்.

எதற்கு இந்தப் பேப்பர் என்று பின்னால் ஒரு நாள் நானே கேட்டேன். அவர் எடுத்த அந்தச் சினிமாவில் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டு, தயாரிப்பாளர் அங்கே ஒரு பாட்டை வைத்துவிட்டாராம். படம் வேலூரில் ஓடியபோது இவர் தியேட்டர் வாசலில் போய் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருத்தரிடமும், "இது நான் எடுத்ததில்லைங்க, இது நான் எடுத்ததில்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பைத்தியம் என்று நினைத்து விரட்டிவிட்டார்கள். "அந்தக் கடைசிக் காட்சி எங்க போச்சுன்னு நெனைக்கிறீங்கண்ணே?" என்று என்னைக் கேட்டார். "எனக்கெப்படிப்பா தெரியும்?" என்றேன். "எங்கயும் போகல. அந்த ஆளுங்க இன்னும் அங்கயே நின்னுக்கிட்டு இருக்காங்க" என்றார். யார் அந்த ஆளுங்க, எங்கே நிற்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் போலிருந்தது.

அவருடைய பழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். சினிமாவில் 'ஸ்டார்ட்', 'கட்' என்று கத்துவார்கள் இல்லையா? இவர் கத்தமாட்டார். உள்ளங்கையை மெதுவாகக் கீழே இறக்குவார், அப்போது ஆரம்பம். மறுபடியும் கையைத் தூக்கினால் முடிவு. நடுவில் என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று விட்டுவிடுவார். தையல் லைனில் எடுத்த அன்றைக்கு மத்தியானச் சங்கு ஊதிவிட்டது. இவர் கையைத் தூக்கவில்லை. சங்கு ஊதிய அரை நிமிஷத்தில் டிபன் பாக்ஸோடு வெளியே ஓடுகிற பெண்கள் ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. நூல் தீர்ந்துபோன பெண் வெறும் ஊசியிலேயே தைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். அவளுக்கு அது தெரியவில்லை.

இத்தாலியிலிருந்து வந்த பையரையும் விடவில்லை. நானும் அவரும் கை குலுக்குகிற காட்சி. நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் குலுக்கினேன். "வேணாம்ணே" என்றார். பதினோரு தடவை. கடைசித் தடவை ரெண்டு பேரும் களைத்துப்போய், சிரிப்பெல்லாம் போய், ஒருத்தன் கையை ஒருத்தன் சும்மா பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் "சரி" என்றார். அதற்குப் பிறகு அந்த இத்தாலிக்காரர் எப்போது வந்தாலும் என் கையை அப்படித்தான் பிடிக்கிறார். சிரிப்பதில்லை.

"மொதலாளி, இது பேஜாரான ஆளு" என்றார் காதர் பாய். "நம்ம ஆளுங்கள இன்னமோ பண்றான். கையெழுத்துப் போட்டாச்சு, சரி, சீக்கிரம் அனுப்பிச்சிடுங்க."

அனுப்பியிருக்கலாம். ஆனால் அதற்குள் அவர் என் பழைய கதையைக் கேட்டுவிட்டார்.

அந்தக் கதையை நான் எந்த மேடையிலும் மறைத்ததில்லை. இந்தத் தொழிலை ஆரம்பித்தவர் என் அண்ணன். முதல் ஷெட்டை வாடகைக்குப் பிடித்தவர் அவர்தான். அவர் தோல் சுமந்தார், பின்னால் நான் சுமந்தேன். ஒரு நாள் மத்தியானம் எனக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை. இந்தத் தொழிலே வேண்டாம், ஷெட்டை விட்டுவிடலாம் என்றார் அவர். விடமாட்டேன் என்றேன் நான். அண்ணன் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். நான் செருப்புகூட இல்லாமல், "அண்ணே, அண்ணே" என்று கத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினேன். போய்ச் சேருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஒரு கடிதாசி கிடையாது.

அண்ணியை நான் அவர் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. என்னோடுதான் இருக்கிறார். என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர். நான் ஓடியதற்குச் சாட்சியும் அவர்தான். அப்போது ஷெட்டுக்கு எதிரிலேயே குடியிருந்தோம். என் சத்தம் கேட்டு அவர் அடுப்பை விட்டு வெளியே வந்தபோது அண்ணன் கண்ணில் படவில்லை, நான் ஓடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும் சொல்வார்: "என் கொழுந்தன் ஓடின ஓட்டத்த நான் பாத்தேம்மா. கால்ல பீங்கான் குத்தி, ரத்தத்தோட வந்து நின்னுச்சி. நான்தான் மஞ்ச வச்சிக் கட்டினேன்."

அண்ணன் போனதால் ஷெட் எனக்கு வந்தது. அதை வைத்துத்தான் நான் ஆளானேன். ஓடிப்போய்க் கூப்பிட்டவனுக்கு வந்தது என்றால் அது ஒரு பேச்சு. கூப்பிடாமல் விட்டவனுக்கு வந்தது என்றால் அதற்குப் பேரே வேறே. அண்ணி இத்தனை வருஷம் என் வீட்டில் ஒரு வாய்ச் சோறு நிம்மதியாகச் சாப்பிட்டது அந்த ஓட்டத்தை நம்பித்தான்.

டைரக்டர் இதை என் ரூமில் உட்கார்ந்து கேட்டார். ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்விதான். "அன்னைக்கு நல்ல வெயிலாண்ணே?"

"ஆமாம்பா, மண்டைய பொளக்கிற வெயில்."

தலையை ஆட்டிக்கொண்டார்.

அண்ணனாக நடிக்க தோல் சீவுகிற ஷேவிங் மெஷினில் நிற்கிற முனுசாமியைப் பிடித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அண்ணன் உயரம், மாநிறம். முனுசாமி குட்டை, கறுப்பு. "இன்னா டைரக்டரே, எங்க அண்ணன் பனைமரம் மாரி இருப்பாரு" என்றேன். அவர் முனுசாமிக்கு ஒரு கட்டம் போட்ட லுங்கியைக் கொடுத்து, இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நடக்கச் சொன்னார். இடது தோள். அந்தத் தோளில்தான் அண்ணன் சுமப்பார். அது இறங்கித்தான் இருக்கும். நான் அதைச் சொல்லவே இல்லை.

"யார் சொன்னது உனக்கு?"

"தோல் தூக்கறவங்களுக்கு ஒரு பக்கம் எறங்கித்தானேண்ணே இருக்கும்."

நியாயம்தான். அவரிடம் எதைக் கேட்டாலும் நியாயமான பதில் ஒன்று இருக்கும். அதுதான் பயம். அன்றைக்கு என் வீட்டுக்காரி ஷூட்டிங் பார்க்க வந்திருந்தாள். முனுசாமி தோளை இறக்கிக்கொண்டு நடந்து வந்தான். அவள் சட்டென்று நாற்காலியிலிருந்து எழுந்து, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு கதவோரம் ஒதுங்கினாள். மூத்தாரான என் அண்ணன் எதிரில் அவள் அப்படித்தான் நிற்பாள். முப்பது வருஷமாக அதற்கு வேலை இல்லை. அப்புறம் தன்னைத் தானே பார்த்துக்கொண்டு, "இன்னாங்க இது, எனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று சிரித்தாள். அன்று சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல்.

என் வேஷத்துக்கு சேகர். என் சின்ன வயசு முகம் அவனுக்கு.

பழைய ஷெட்டை நான் இடிக்காமல் வைத்திருக்கிறேன். அங்கேதான் அந்தக் காட்சி. டைரக்டர் கேட் பக்கம் ஒரு சுவரைக் காட்டி, "இங்க ஒரு கொழா வேணும்" என்றார். ஆட்கள் பைப் பதிக்கத் தோண்டினார்கள். ஒரு முழம் போனதும் கடப்பாரை டங்கென்று இடித்தது. பார்த்தால் துருப்பிடித்த பழைய பைப். அங்கே குழாய் இருந்தது எனக்கே மறந்துபோயிருந்தது. ஆட்கள் என்னைப் பார்த்தார்கள், நான் டைரக்டரைப் பார்த்தேன்.

"காலு கையி கழுவாம யாருண்ணே வெளிய போவாங்க? இங்கதான் இருந்திருக்கும்" என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் எடுத்தார். முனுசாமி துணிப்பையோடு கேட்டுக்குப் போகிறான். கேட்டருகில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான். சேகர் குழாய்ப் பக்கம் நிற்கிறான், பார்க்கிறான். ஓடப்போகிறான் என்று நான் காத்திருந்தேன். சேகர் குனிந்தான். குழாயைத் திறந்தான். கையைக் குவித்துத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். குடித்தான், குடித்தான், குடித்துக்கொண்டே இருந்தான். முனுசாமி கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். அவன் போன பிறகும் இவன் குடித்துக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. டைரக்டர் கை மேலே எழும்பவே இல்லை.

நான் கத்திவிட்டேன். "யோவ், நான் ஓடினேன்யா! பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினேன்!"

"நீங்க ஓடினீங்கண்ணே. இவரு ஓடல."

"அந்தக் கொழாத் தண்ணி வெறும் உப்புய்யா. எங்க ஏரியாவுல நாய்கூட அதக் குடிக்காது. தாகத்துக்கு எவனாவது அதக் குடிப்பானா?"

"தாகத்துக்குக் குடிக்கலண்ணே" என்றார், எனக்கு ஏதோ உதவி செய்கிற மாதிரி மெதுவாக. "தலையக் குனிஞ்சிக்கிறதுக்குக் குடிக்கிறாரு."

சேகருக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு.

அந்தக் காட்சியை வெட்டச் சொல்லி மன்றாடினேன், மிரட்டினேன். என் மிரட்டலுக்கு லாரி லோடே நின்றிருக்கிறது. அவர் அந்தப் பேப்பரைக்கூடக் காட்டவில்லை. "அத வெட்டினா அப்புறம் படம் இல்லண்ணே. அது வெறும் பேக்டரி" என்றார்.

சரி, நானே ஓடுகிற காட்சி ஒன்றை எடுத்து அங்கே ஒட்டிவிடலாம் என்று, ஆம்பூரில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருத்தரை வரவழைத்தேன். சேகரை அதே சட்டையில் நிற்க வைத்து, "ஓட்றா" என்றேன். ஓடினான். குழாய்க்குப் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்தது. நின்றான், குனிந்தான்.

"இன்னாடா பண்ற?"

"தெரியல நைனா. தாகமா இருந்துச்சி."

மறுபடி ஓடச் சொன்னேன். மறுபடி நின்றான். நாலாவது தடவை அவன் கை குழாயைத் திருகியபோது, வீடியோக்காரர் கேமராவை மூடிவிட்டு, "ஐயா, எனக்கு வேற எடத்துல வேலை இருக்குது" என்று போய்விட்டார். குழாயைப் பிடுங்கிப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. என்னை மாதிரி ஆளுக்கே தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் அண்ணியிடமே போய்ச் சொன்னேன். "அண்ணி, அந்த ஆளு இப்படி எடுத்து வச்சிருக்கான். விழாவுல போடட்டா, வேணாமா?"

அண்ணி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து சிரித்தார். "சினிமாக்காரன் ஆயிரம் எடுப்பான் தம்பி. நீ ஓடினத இந்தக் கண்ணால பாத்தவ நானு. போட்டுக்கினு போறான், வுடு."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு யானை பலம் வந்துவிட்டது. போடச் சொல்லிவிட்டேன்.

விழா கல்யாண மண்டபத்தில் நடந்தது. பையர்கள், ஊர்ப் பெரிய மனிதர்கள், என் ஆட்கள் அத்தனை பேரும். படம் நன்றாக இருந்தது. நான் இல்லாத என் நாற்காலி வந்தபோதுகூடக் கை தட்டினார்கள். அப்புறம் அந்தக் காட்சி வந்தது. தண்ணீர் குடிக்கிற சத்தம் மட்டும். மடக் மடக்கென்று அந்தச் சத்தம் மண்டபம் முழுக்க. குழந்தைகளெல்லாம் அழுகையை நிறுத்திவிட்டார்கள். என் பக்கத்தில் காதர் பாய் எதையோ முழுங்கினார். திரும்பிப் பார்த்தால், வரிசையாக எல்லோர் தொண்டையும் முழுங்கிக்கொண்டிருந்தது.

டைரக்டர் கடைசி வரிசையில் நின்று திரையைப் பார்க்காமல் ஜனங்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் போய்விட்டார். மாலைகூட வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த மாசம் முனுசாமி ஓசூரில் வேலை கிடைத்தது என்று கணக்கை முடித்துக்கொண்டு போனான். கேட்டருகில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தானாம். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். நான் அப்போது உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

படத்தைச் சேகர் ஒரு பென் டிரைவில் போட்டு மாடியில் அண்ணி டி.வி.யில் மாட்டிக் கொடுத்திருந்தான். சேகரின் பையன், என் பேரன், ஒரு காட்சியில் வருவான்; அவனைப் பார்க்கத்தான் அண்ணி அதைப் போட ஆரம்பித்தார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, சாப்பிட்டு ஒரு தடவை. கீழே உட்கார்ந்திருக்கும்போது எனக்கு மேலேயிருந்து அந்தச் சத்தம் கேட்கும். மடக் மடக். நான் என் டி.வி. சவுண்டைக் கூட்டி வைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் வாலாஜாபேட்டையிலிருந்து சம்பந்தி வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். பேச்சு அண்ணனிடம் வந்தது. அண்ணி வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்வார் என்று நானும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

"அன்னைக்கு நல்ல வெயிலு" என்றார் அண்ணி. "இது கொழாயில தண்ணி குடிச்சிக்கினு இருந்துச்சி. நான் அடுப்படியில இருந்து வந்து பாத்தேன். நிமிரவே இல்ல. சட்டையெல்லாம் நனைஞ்சிக்கினு வந்து நின்னுச்சி."

நீட்டிய காலை மடக்கிக்கொண்டேன். "அண்ணி, இன்னா சொல்றீங்க? அது படம் அண்ணி. நான் ஓடல? கால்ல பீங்கான் குத்தல? நீங்க மஞ்ச வச்சிக் கட்டல?"

அண்ணி என்னை நிதானமாகப் பார்த்தார். கோபம் இல்லை. "மஞ்சளா? நான் எங்க தம்பி வச்சேன்? துண்டு குடுத்தேன், தொடச்சிக்கன்னு."

செருப்பைக் கழற்றி உள்ளங்காலைக் காட்டலாம் என்று பார்த்தேன். தோல் ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வளர்ந்த கால் இது. அதில் எத்தனையோ வடு. எது பீங்கான், எது சுண்ணாம்பு என்று யார் சொல்வது?

அடுத்த வாரம் அண்ணி மாடியில் தனி அடுப்பு வைத்துக்கொண்டார். சண்டை இல்லை, அழுகை இல்லை. சேகரிடம் பேசுவார், என் வீட்டுக்காரியிடம் பேசுவார். என் வீட்டுச் சோறு மட்டும் வேண்டாம். "வயசாயிடுச்சி, எனக்குன்னு ஒரு புடி ஆக்கிக்கிறேன்" என்றார். அவர் சொல்லாதது எனக்குத் தெரியும்.

பென் டிரைவைப் பிடுங்கி உடைத்தேன். பிரயோஜனம் இல்லை. ஏனென்றால் அதற்குள் எனக்கே வந்துவிட்டது. கண்ணை மூடி அந்த ஓட்டத்தை நினைத்துப் பார்ப்பேன். முப்பது வருஷமாக நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஓட்டம். ரோடு வராது, பஸ் வராது, என் குரல்கூட வராது. நாக்கில் உப்புக் கரிக்கும். குனிந்த என் முகத்துக்குக் கீழே சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஓடும். பின்னால் கேட் சத்தம் கேட்கும். இதை அவர் படத்தில் எடுக்கவில்லை. அவர் எடுத்தது சேகரின் முகத்தை. அந்தத் தரையை எனக்கு யார் காட்டினார்கள்?

விழா முடிந்து ஒரு வருஷம் கழித்து அவரைத் தேடி அரக்கோணம் போனேன். டிரைவரைக் கூட்டிக்கொள்ளவில்லை, ரயிலில் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெருவில் மாடி ரூம். மத்தியானம். அவர் தரையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. எனக்கும் கொஞ்சம் பொரி வைத்தார்.

"அண்ணி தனியா ஆக்கிச் சாப்புடுறாங்க டைரக்டரே" என்றேன். எனக்குக் குரல் உடைந்துவிட்டது. யார் முன்னாலும் உடையாத குரல். "உண்மையச் சொல்லு. நான் ஓடினேனா, தண்ணி குடிச்சேனா?"

"எனக்கெப்படிண்ணே தெரியும்? நான் அன்னைக்கு அங்க இல்லையே."

"அப்ப எப்படிய்யா எடுத்த?"

"அப்படித்தான் வந்துச்சி."

"சரி, போவட்டும். இப்ப ஒண்ணு எடு. ஓடற மாதிரி எடு. நீ எடுத்தா அண்ணி நம்புவாங்க. நானும் நம்பிடுவேன். படத்துக்கு உன் பேர மட்டும் போட்டுக்க, என் பேரே வேணாம். இன்னா பேப்பர் வேணா குடு, கையெழுத்துப் போடறேன்."

"யார வச்சி எடுக்கறது?"

"என்ன வச்சியே எடு. நானே ஓடறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, முன்னால் இறங்கிப் போனார். தெருவில் ஒரு ஓரமாக நின்று, "ஓடுங்கண்ணே, பாப்போம்" என்றார்.

எனக்கு அறுபத்திரண்டு வயசு அப்போது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். தார் ரோடு காலைச் சுட்டது. ஓடினேன். "அண்ணே, அண்ணே" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் எதையும் பார்க்கவில்லை. தெருக்கோடியில் ரயில்வே சுவர்வரை போய், அதைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பினேன். மூச்சு முட்டியது. கண்ணில் தண்ணீர். அந்த நிமிஷம் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, நான் ஓடித்தான் இருக்கிறேன். அன்றைக்கும் இப்படித்தான் ஓடினேன்.

அவர் எதிரில் வந்து நின்றேன். "இன்னா? எடுக்கலாம் இல்ல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் ஓடிப்போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் ஓடறீங்கண்ணே" என்றார். "ஆனா உங்களுக்கு முன்னாடி யாரும் போகலியே."

திரும்பிப் பார்த்தேன். மத்தியான வெயிலில் சுவர்வரைக்கும் தெரு காலியாகக் கிடந்தது.